நமக்குப்பின் குடிப்பவர்கள்



எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கொழுத்த ஆடுகளைக் கடிந்துகொள்கிறார். அவை தெளிந்த நீரைப் பருகியபின் மீதியைக் கால்களால் குழப்பிவிட்டன. கர்த்தருடைய மந்தையின் மற்ற ஆடுகளுக்கு அந்தக் கலங்கிய நீரே கிடைத்தது.

நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததும் அதுவே. திருப்பூரின் சாயக்கழிவு பல ஆண்டுகள் அதில் கலந்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. சுற்றுப்புற விவசாயிகளின் கிணறுகளில் உப்பேறியது. கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்கான தொழில்நுட்பம் இன்று உண்டு. கழிவுநீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி உப்பையும் மீட்கிறார்கள். நீரும் உப்பும் மீண்டும் சாயமிடப் பயன்படுகின்றன. ஆயினும் இதற்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். அச்செலவைச் சுமப்பவர் யார்?

பட்டறைக்காரர் மட்டுமே என்று நாம் விலகிவிட முடியாது. பண்டிகை ஆடை மிக மலிவாகவே வேண்டும் என்று நாம் வற்புறுத்தினால், குறைந்த விலையின் மீதியை ஆற்றங்கரையில் வாழும் பிறன் செலுத்த நேரிடும். இயந்திரம் தண்ணீரைத் தெளிவிக்கும். அதை இடைவிடாமல் இயக்கும் மனதைத் தருவது பிறனிடத்திலான அன்பே.

ஆகவே தேவைக்கு மிஞ்சி வாங்காதிருப்போம். வாங்குவதற்கு நியாயமான விலை கொடுப்போம். நமக்குப்பின் குடிப்பவர்களுக்கும் தெளிந்த நீரை விட்டுவைக்கும் மந்தையாக நல்ல மேய்ப்பர் நம்மை நடத்துவாராக. ஆமென்.