கணக்குப் புத்தகமும் கருங்கல் தூண்களும்

1963 அக்டோபர் 28. நியூயார்க் நகரின் நடுவே ஒரு ரயில் நிலையத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். பென்சில்வேனியா ஸ்டேஷன் என்று பெயர். திறந்தது 1910-ல்தான், அதாவது வயது வெறும் 53! முகப்பிலும் சுற்றிலுமாக 84 கருங்கல் தூண்கள். பழைய ரோமாபுரியின் குளியல் மண்டபத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய காத்திருப்புக் கூடம். இடித்த கல்லில் பெரும் பகுதி பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டது.

இடித்தவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதே உண்மை. காரும் விமானமும் வந்தபிறகு ரயிலுக்குக் கூட்டம் குறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கவே பணம் போதவில்லை. அந்த நேரத்தில் ஒரு பேரம் வந்தது. மேலே உள்ள இடத்தை விட்டுக்கொடுத்தால் தரைக்கடியில் புது நிலையம் இலவசம், மேலே எழும்பும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் 25 சதவீதப் பங்கும் உண்டு. எந்த வணிகவியல் மாணவரிடம் கேட்டாலும், "கையெழுத்துப் போடு" என்றுதான் சொல்லியிருப்பார். 1962-ல் கட்டிடக் கலைஞர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். பலன் இல்லை. அந்தப் பதாகைகளில் நியாயம் இருந்தது, தொகை இல்லை.

1965-ல் நகரம் நினைவுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்! ஆனாலும் அந்த நமஸ்காரம் வீண்போகவில்லை.

அடுத்த சோதனை 1913-ல் திறந்த கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்தது. 1967-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. மறு ஆண்டே, பென்சில்வேனியா ஸ்டேஷனை இடித்த கம்பெனி, கிராண்ட் சென்ட்ரலின் சொந்தக்காரக் கம்பெனியோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. நிலையத்தின் தலைக்கு மேல் 55 மாடி கட்ட அனுமதி கேட்டது. கட்டி முடித்தால் வருடத்துக்குக் குறைந்தது 30 லட்சம் டாலர் வாடகை. நகரம் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. நடுவில் 1970-ல் கம்பெனியே திவாலானது, ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

பழைய கட்டிடங்களை நேசிப்பவர்கள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் கேள்வியை யாரும் நின்று கேட்பதில்லை. ஊருக்கெல்லாம் கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஒரு சொந்தக்காரர் மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று பரிமாறலாமா? மிக நியாயமான கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லாத பாதுகாப்புச் சட்டம் எங்கே இருந்தாலும், சொந்தக்காரரே கட்டிடத்தின் முதல் எதிரியாகிவிடுவார். கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டுவிடுவார்.

நியூயார்க்கிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு மனையில் இத்தனை சதுர அடி கட்டலாம் என்று நகர விதி ஓர் அளவு வைத்திருக்கிறது. நிலையம் அதில் கொஞ்சத்தைத்தான் பயன்படுத்தியிருந்தது. மீதியைத் தலைக்கு மேல் கட்டாமல், அக்கம்பக்கத்து மனைக்காரருக்கு விற்கலாம் என்றது விதி. வான்வெளி உரிமை என்று இதைச் சொல்லலாம். தீர்ப்பில் இதுவும் எடைபோடப்பட்டது. இன்றும் அந்த உரிமைக்குச் சந்தை இருக்கிறது. 2025-ல் திறந்த ஜேபி மார்கன் வங்கியின் புதிய தலைமையகம், கிராண்ட் சென்ட்ரலிடம் வாங்கிய உரிமையையும் சேர்த்துத்தான் அவ்வளவு உயரம் எழுந்தது. வெறும் காற்று, காசாகிவிட்டது!

சட்டம் மட்டும் இருந்தால் போதும் என்பவர்கள் சிங்கர் கட்டிடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். தையல் மிஷின் கம்பெனி 1908-ல் கட்டி முடித்தபோது அதுதான் உலகிலேயே உயரமான கட்டிடம். சட்டம் வந்த பிறகே, 1960-களின் இறுதியில், அதை இடித்தார்கள். ஒல்லியான கோபுரம், ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம்தான் இடம். அதே இடத்தில் அகலமான கட்டிடம் அதிக வாடகை தரும். பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயர் ஏறவேயில்லை.

ஆகவே பழைய கட்டிடத்தைக் காப்பாற்ற அழகைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது. சொந்தக்காரரின் நஷ்டத்தை யார், எப்படி ஈடுகட்டுவது என்பதற்கும் பதில் வேண்டும்.

கணக்குப் போட்டு இடிப்பவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தரைக்கடியில் போன பென்சில்வேனியா ஸ்டேஷனில் பயணிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் நெருக்கியடித்தார்கள். கடைசியில், எதிரே இருந்த பழைய தபால் அலுவலகத்தில் புதிய ரயில் கூடம் ஒன்று அமைந்தது. 2021 ஜனவரி 1-ல் திறந்த அதற்கு ஆன செலவு சுமார் 160 கோடி டாலர். அந்தத் தபால் அலுவலகம், பழைய ஸ்டேஷனைக் கட்டிய அதே கலைஞர்களின் படைப்பு, 1966-லேயே பட்டியலில் ஏறியதால் தப்பியது. 1963-ல் லாபம் என்று எழுதிய வரிக்கு எதிரே செலவுப் பக்கமும் இருந்தது. அதை நிரப்பியவர்கள் மட்டும் வேறு தலைமுறை.