பாரிஸ் கழித்த சரக்கு கோவைக்கா?

"தண்ணீர் சப்ளை நஷ்டம், சிப்பந்திகள் அதிகம், கம்பெனியிடம் கொடுத்துவிடுங்கள்!" நிர்வாக மேதைகளின் நித்தியப் பல்லவி இது.

பாரிஸ் நகரசபையும் 1985ல் இதற்குத் தலையாட்டியது. நதியின் வலக்கரை விநியோகம் ஒரு கம்பெனிக்கு, இடக்கரை இன்னொன்றுக்கு. கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. 2010ல் நகரசபை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்து, எல்லாவற்றையும் தானே ஏற்றது. கம்பெனிச் சிப்பந்திகளைத் தெருவில் விட்டதா? இல்லை, தன் ஊழியராக்கிக்கொண்டது. நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளையும் உட்கார வைத்தது. முதல் வருஷமே மிச்சம் 3.5 கோடி யூரோ! 2011ல் கட்டணம் 8 சதவிகிதம் குறைந்தது. இந்தப் பணம் அதுவரை யார் பைக்குப் போயிற்று? மேதைகள் சொல்லட்டும்.

அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றான சூயஸுக்குத்தான் 2018ல் கோவை மாநகராட்சி 26 வருஷ ஒப்பந்தம் கொடுத்தது. தொகை 3,000 கோடி ரூபாய்க்கு மேல். சிறுவாணித் தண்ணீர் குடித்த ஊருக்கு இது புதுமையாம்! "கட்டணத்தை மாநகராட்சிதானே நிர்ணயிக்கும்" என்று சமாதானம் சொல்கிறார்கள். சரி, கம்பெனிக்குக் கொடுப்பது யார் வீட்டுப் பணம்?

ஒப்பந்தத்தின் வரவு செலவு முழுவதையும் வரி கட்டும் ஜனங்கள் முன் வையுங்கள். வால்வு திறப்பவரையும் குழாய் பிட்டரையும் காண்டிராக்ட் கூலியாக வைக்காமல் நிரந்தரமாக்குங்கள். விநியோகத்தை மாநகராட்சியே திரும்ப ஏற்கட்டும்!