ஏசி இருக்கும்போது சுவர் எதற்கு?

வாசுதேவநல்லூரில் வீடு கட்டுகிறவர்களுக்கு நண்பர் ஒருவர் யோசனை சொல்லி எழுதியிருக்கிறார். சுவருக்கு வெப்பத்தடுப்பு என்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் சமாச்சாரமாம். நாலரை இஞ்சுச் சுவரை எழுப்பி, மிச்சப் பணத்தில் ஏசி வாங்கினால் போதுமாம். சுற்றிலும் காற்றாலை ஓடுவதால் அந்தக் கரண்டில் புகையும் இல்லையாம்.

கடைசி வாதத்திலிருந்தே தொடங்குவோம். புளுகு அங்கேதான் அதிகம். காற்றாலை மும்முரமாக ஓடுவது வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை. முக்கால்வாசி சாரல் காலம். ஃபேனையே குறைத்து வைக்கிறோம். ஏசி இல்லாமல் முடியாது என்கிற நிலை பங்குனி, சித்திரையில், அதுவும் ராத்திரியில். அப்போது காற்றும் மந்தம், சோலாருக்கு வெயிலும் கிடையாது. கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரிக் கரண்ட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. புகையிலிருந்து கந்தக டைஆக்சைடைக் குறைக்க 2015இல் விதி போட்டார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு அதற்கான கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் படுக்கையறைப் புகை தூத்துக்குடிக்காரர் மூக்கில் ஏறுகிறது. மலைக்காற்றை வாங்கிக்கொண்டு ‘இங்கே எங்கே மாசு’ என்று கேட்பது நல்ல நியாயம்!

சுவருக்கு வருவோம். குளிர் நாட்டில் சூடு வெளியே போகாமல் தடுக்கிறார்கள், இங்கே உள்ளே வராமல் தடுக்க வேண்டும். சித்திரையில் ராத்திரி ஒன்பது மணிக்கு நண்பர் தன் மேற்குச் சுவரின் உட்பக்கம் கையை வைத்துப் பார்க்கட்டும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது அப்போதுதான் கக்கும். ஏசி குளிர்விப்பது ஆளையா, சுவரையா? ஒன்பது இஞ்சுச் செங்கல் சுவர் உள்ளே விடும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டு இஞ்சு ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் கொண்ட இலகு கான்கிரீட் கல்) சுவர் விடும். நண்பரின் நாலரை இஞ்சு, ஒன்பதைவிடவும் மோசம். மத்திய அரசு 2018இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பு வெளியிட்டு, சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வரும் சூட்டுக்கு வரம்பு கட்டியது. அது குளிர் நாட்டுக்காகவா? (சின்ன வீடுகளை அது கட்டாயப்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.)

மாடியில்லாத வீட்டில் முதல் குற்றவாளி கூரைதான். சித்திரை பிறக்கும் வாக்கில் இந்த ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கிறது. ஆகவே முதல் காசு தட்டோடு பதித்து வெள்ளையடிக்க; அடுத்தது மேற்குச் சுவருக்கு. நண்பர் இரண்டையும் விட்டுவிட்டு ஏசிக் கடைக்கு வழிகாட்டுகிறார்.

வாங்கும் விலையோடு அவர் கணக்கும் முடிந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101ஆவது யூனிட்டிலிருந்தே கட்டணம் வேறு. ரீடிங் எடுக்க வருகிறவரிடம், நாலரை இஞ்சில் மிச்சம்பிடித்த செங்கலைக் கொடுத்துச் சமாளிக்கச் சொல்வாரோ?