திருத்தும் மை சிவப்பாகத்தான் இருக்கணுமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஆசிரியர்களுக்கு அடுத்த தேர்வு தொடங்கிவிடும். வகுப்புக்கு 40 பிள்ளைகள், மூன்று வகுப்புகள் என்றால் 120 விடைத்தாள்கள். ஸ்டாஃப் ரூமில் பாதி, வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மீதி எனக் கட்டு கட்டாகத் திருத்த வேண்டும். கையில் இருப்பது அநேகமாகச் சிவப்புப் பேனாதான். ஏன் சிவப்பு என்று கேட்டால், "எப்பவும் அப்படித்தானே" என்பதற்கு மேல் பதில் வருவது அபூர்வம்.

இங்க் பேனாவில் திருத்தும் ஆசிரியருக்கு இந்தக் கேள்வியை யோசித்துப் பார்க்க ஒரு வசதி உண்டு. பால்பாயின்ட் பேனா என்றால் கடைகளில் நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என நாலு நிறத்தோடு தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும். பாட்டில் மையில் ஊதா, டர்க்காய்ஸ், பழுப்பு, செங்கல் நிறம் என்று வரிசை நீளும். அழுத்தி எழுத வேண்டியதில்லை என்பதால் 120 தாளைத் திருத்தினாலும் விரல் வலி குறைவு. அப்படியானால் எந்த நிறத்தை நிரப்புவது?

சிவப்புக்கு என்ன வேலை?

சிவப்பு வந்ததில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் நீலத்திலோ கறுப்பிலோ எழுதுகிறார்கள். திருத்துபவரின் கை எது, எழுதியவரின் கை எது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். 18 என்ற மார்க்கை வீட்டுக்குப் போகும் வழியில் 78 ஆக்கும் குறும்புக்கும் வேறு நிறம் ஒரு தடை. பளிச்சென்று தெரிவதில் சிவப்பை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் வேறு ஒரு சுமையும் அதோடு ஒட்டிக்கொண்டது. ரேங்க் கார்டில் ஃபெயில் மார்க்கின் கீழே போட்ட சிவப்புக் கோடு பல தலைமுறைக்கு நினைவிருக்கும். சரியான விடைக்கும் அதே சிவப்பில்தான் டிக் போட்டார்கள். மனதில் தங்கியது என்னவோ அந்தக் கோடுதான். "பேப்பர் முழுக்க ஒரே செவப்பு" என்று ஒரு பிள்ளை சொன்னால், நிறையத் தப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவில் ஆபிரகாம் ரட்சிக் என்ற உளவியலாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கட்டுரையைச் சிலரிடம் சிவப்புப் பேனாவோடும் சிலரிடம் நீலப் பேனாவோடும் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். சிவப்புப் பேனா பிடித்தவர்கள் அதிகப் பிழைகளைக் குறித்தார்கள். இன்னொரு சோதனையில் மார்க்கும் குறைத்துப் போட்டார்கள். அதாவது சிவப்பு மை, வாங்குகிற பிள்ளையை மட்டுமல்ல, பிடிக்கிற கையையும் கொஞ்சம் கறாராக்குகிறது.

2013-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டியூக்ஸ், ஹெதர் அல்பனேசி இருவரும் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். ஆசிரியரின் குறிப்புகளோடு திருத்திய கட்டுரை ஒன்றைக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். சிலருக்குச் சிவப்பில், சிலருக்கு நீலப்பச்சையில். குறிப்புகள் அதேதான். ஆனாலும் சிவப்பில் படித்தவர்களுக்கு அந்த ஆசிரியர் சற்றே தள்ளி நிற்பவராகத் தெரிந்தார்.

இவை கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே அளவில் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நிறத்தை மாற்றுவதால் நஷ்டம் எதுவும் இல்லை என்பதால், இந்த அளவு ஆதாரமே யோசிக்கப் போதும்.

"பயம் இருந்தாத்தான் படிப்பான்" என்பவர்கள் உண்டு. பயந்த பிள்ளை முதலில் செய்வது, மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையின் அடியில் திணிப்பது. ஓரத்தில் ஆசிரியர் எழுதிய நாலு வரி படிக்கப்படாமலே போகும். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதிய உழைப்பு வீண்.

ஜப்பானில் சிவப்பு வட்டம்

குறை சிவப்பின் மேல் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. ஜப்பானியப் பள்ளிகளிலும் ஆசிரியர்கள் சிவப்பில்தான் திருத்துகிறார்கள். ஆனால் அங்கே சரியான விடைக்குச் சிவப்பு வட்டம். ரொம்ப நன்றாகச் செய்தால் வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கிவிடுவார்கள். அதற்கு 'ஹானமாரு' என்று பெயர். அந்தப் பிள்ளைகளுக்குத் தாள் முழுக்கச் சிவப்பு என்றால் சந்தோஷம்.

நிறத்துக்குப் பிறவிக் குணம் என்று ஒன்று இருப்பதைவிட, எதற்காக அதைப் பயன்படுத்தினோம் என்பதே அதன் அர்த்தமாகிறது. பச்சை மைக்கு மாறிவிட்டு, பச்சையில் தப்பை மட்டும் சுழித்துக்கொண்டே போனால், இரண்டே வருஷத்தில் பச்சையும் பயம் காட்டும்.

எந்த நிறம் சரிவரும்?

கரும்பச்சை: நீலத்திலிருந்தும் கறுப்பிலிருந்தும் பிரிந்து தெரியும், கண்ணை உறுத்தாது. ஒரே சிக்கல், அரசு அலுவலக வழக்கத்தில் பச்சை மை என்றால் அதிகாரி கையெழுத்து. சில பள்ளிகளில் அது தலைமை ஆசிரியரின் நிறம். கேட்டுவிட்டு நிரப்புவது நல்லது.

ஊதா: பார்க்க அழகு. ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் அடர் ஊதா, பிள்ளையின் நீல எழுத்தோடு கலந்துவிடும். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பார்வைக் குறைபாடு பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். அவர்களில் பலருக்கு ஊதாவும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். அடர் சிவப்புகூடச் சிலருக்குக் கறுப்பாகத்தான் தெரியும்.

டர்க்காய்ஸ்: கறுப்பில் எழுதும் வகுப்புக்குப் பொருந்தும். நீலத்தில் எழுதும் வகுப்புக்கு வேண்டாம்.

செங்கல் நிறம், அடர் ஆரஞ்சு: நீல எழுத்தின் மேல் நன்றாக எடுபடும். நிறம் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைக்கும் நீலத்திலிருந்து வேறாகத் தெரியும்.

மஞ்சள், வெளிர் ரோஜா: படிக்கவே கஷ்டம். போட்டோ எடுத்து அனுப்பினால் காணாமலே போகும்.

பள்ளி அனுமதித்தால் கரும்பச்சை, இல்லாவிட்டால் செங்கல் நிறம் என்பது பெரும்பாலான வகுப்புகளுக்குச் சரிவரும். பொதுத்தேர்வுத் திருத்தம் வேறு விஷயம். அங்கே யாருக்கு எந்த நிறம் என்பதைத் தேர்வுத்துறைதான் சொல்லும். சொந்த விருப்பத்துக்கு இடமில்லை.

பாட்டிலைத் திறக்கும் முன்

பள்ளி நோட்டுகளில் பலவும் மெல்லிய தாள். பட்டை நிப்பில் மை தாராளமாக இறங்கினால் இழையிழையாகப் பரவும், மறுபக்கமும் ஊறும். இரண்டு பக்கமும் எழுதிய தாளில் அது பிள்ளையின் விடையையே கெடுத்துவிடும். மெல்லிய நிப்தான் திருத்தத்துக்கு ஏற்றது.

வாங்கியதும் பிள்ளைகள் எழுதும் அதே தாளில் ஒரு வரி எழுதி, பத்து விநாடி கழித்து விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும். இழுவினால் அந்த மை வேண்டாம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது எல்லா மார்க்கும் அடுத்த தாளில் அச்சாகிவிடும்.

இங்க் பேனா மைகளில் பல தண்ணீரில் கரைபவை. பையில் வாட்டர் பாட்டில் கசிந்தால் மார்க்கும் போய்விடும், ஆகவே மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றிய பிறகே தாளைக் கொடுக்க வேண்டும். படம் வரையும் இந்தியன் இங்க்கைப் பேனாவில் ஊற்றவே கூடாது. அதில் உள்ள அரக்கு உலர்ந்து மை வரும் வழியை அடைத்துவிடும். நிறம் மாற்றும்போது, தண்ணீர் தெளிவாக வரும் வரை பேனாவைக் கழுவ வேண்டும்.

கலர் கலராக வேண்டாம்

நிறம் பிடித்துப்போனால் அடுத்த ஆசை, பாராட்டுக்கு ஒன்று, பிழைக்கு ஒன்று, கேள்விக்கு ஒன்று என்று மூன்று பேனா வைப்பது. இங்கிலாந்தில் பல பள்ளிகள் இப்படிச் செய்து பார்த்தன. ஆசிரியர் ஒரு நிறத்தில் எழுத, மாணவர் இன்னொரு நிறத்தில் பதில் எழுத, ஆசிரியர் மறுபடி அதைத் திருத்துவது என்று வேலை பெருகியது. ஆசிரியர்களின் பணிச்சுமையை ஆராய அங்கு அமைக்கப்பட்ட குழு, 2016-இல் கொடுத்த அறிக்கையில், திருத்தம் பிள்ளைக்குப் பொருளுள்ளதாகவும் ஊக்கம் தருவதாகவும் ஆசிரியரால் தாங்கக்கூடியதாகவும் இருந்தால் போதும் என்றது. பக்கம் பக்கமாக எழுதுவதால் மட்டும் பிள்ளை முன்னேறிவிடாது என்பதே அதன் சாரம்.

ஆகவே ஒரு பேனா, ஒரு நிறம் போதும். அதே மையில் டிக், அதே மையில் பிழை, அதே மையில் "இந்த வரி நல்லா வந்திருக்கு" என்று ஒரு வரி. தாளைத் திரும்பக் கொடுத்த அன்று வகுப்பைக் கவனித்தால் முடிவு தெரிந்துவிடும். மார்க்கைப் பார்த்ததும் மூடிவைக்கிறார்களா, பக்கத்தைப் புரட்டி ஓரத்தில் எழுதியதைத் தேடுகிறார்களா? தேடினால் மை சரியான மைதான். அது சிவப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை.