டீசல் இருக்கிறது, கிளப்புவது யார்?

"வெளி மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் ஓடும், அணு உலைக்கு வேறென்ன பயம்?" என்கிறார்கள். போனால் ஓடும். அரைகுறையாகப் போனால்?

2012 ஜனவரி 30. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பைரன் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகு. சுவிட்ச்யார்டில் ஒரு இன்சுலேட்டர் உடைந்து, வெளி மின்சாரம் வரும் மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தது. உலை தானாக நின்றது. அதுவரை சரி. பாதுகாப்புக் கருவிகளுக்கு மின்சாரம் தரும் பஸ்ஸில் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டிருந்த ரிலேக்கள் இரண்டு. இரண்டுமே குறைவைக் கண்டால்தான் வெளி இணைப்பு துண்டிக்கப்பட்டு டீசல் கிளம்பும். ஒன்று கண்டது. மற்றது அறுபடாத இரு ஃபேஸ்களுக்கு நடுவே இருந்ததால் "எல்லாம் நலம்" என்று உட்கார்ந்திருந்தது. ஊனமான சப்ளையில் மோட்டார்கள் கரண்ட்டை அதிகம் இழுத்து ட்ரிப் ஆகின. டீசலுக்கோ அழைப்பே வரவில்லை. சுமார் எட்டு நிமிஷம் கழித்து ஆபரேட்டர்கள் கையால் பிரேக்கரைத் திறந்த பிறகுதான் அது பொறுப்பேற்றது.

"அபூர்வம்" என்பது அடுத்த சமாதானம். மறுவருஷமே ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஃபேஸ் அறுந்தது. அங்கும் டீசல் தானாகக் கிளம்பவில்லை. எத்தனை டீசல் வைத்திருக்கிறீர்கள் என்பதல்ல என் கேள்வி. உங்கள் ரிலே மூன்று ஃபேஸையும் பார்க்கிறதா? அதற்கு இதுவரை பதில் வரவில்லை.