றோயல் கல்லூரியும் தோட்டப் பாடசாலையும்

அரசாங்கப் பாடசாலை என்னுஞ் சொல் இந்நாட்டில் இருவேறு பொருள் தருவது. கொழும்பு 7இல் அமைந்த றோயல் கல்லூரி அரசாங்கப் பாடசாலை. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைச் சரிவொன்றில், இடைச்சுவரற்ற ஒற்றை மண்டபத்தில் ஐந்து வகுப்புகளையும் ஓராசிரியர் கட்டி மேய்த்துவந்த தோட்டப் பாடசாலையும், 1977இன் பின்னர், அரசாங்கப் பாடசாலையே. இரண்டிற்கும் பாடத்திட்டம் ஒன்று. உயர்தரப் பரீட்சையில் வினாத்தாளும் ஒன்று.

இவ்வேறுபாட்டைச் சுட்டும்போதெல்லாம் படித்தோர் நாவில் ஆயத்தமாயிருக்கும் விடை ஒன்றுண்டு. கொழும்புக் கல்லூரிகள் பழைய மாணவரின் முயற்சியால் உயர்ந்தவையாம். தோட்டத்து மக்களுக்கோ கல்வியில் நாட்டமில்லையாம். பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையிலும் இதைக் கேட்கிறோம், விரிவுரையாளர் சிலரின் வாயிலும் கேட்கிறோம். வரலாறு அறியாதார் கூற்றென இதனை விட்டுவிடலாம். ஆயினும் வரலாறு கற்பிப்போரே கூறும்போது வாளாவிருத்தல் தகாது.

றோயல் கல்லூரியின் கதையை நோக்குவோம். 1835இல் மார்ஷ் பாதிரியார் தொடங்கிய சிறு பள்ளியொன்றை மறு ஆண்டே அரசு தன் பொறுப்பில் ஏற்றுக் கொழும்பு அக்கடமி ஆக்கியது. 1881இல் அது றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1913இல் தேஸ்டன் வீதியில் அதற்கொரு மாளிகை எழுந்தது. 1921இல் அம்மாளிகை புதிய பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வேண்டப்பட்டது. 1923இல் வேறோர் இடத்தில் இன்னும் பெரிய மாளிகையைக் கல்லூரி பெற்றது. பத்தாண்டு இடைவெளியில் ஒரு பாடசாலைக்கு இரு மாளிகைகள்! பெருமையுடன் பேசப்படும் பழைய மாணவர் சங்கம் தோன்றியது 1891இல். அஃதாவது, அரசு ஐம்பத்தைந்து ஆண்டுகள் வளர்த்தெடுத்த பின்னரே கைம்மாறு செய்யவல்ல பழைய மாணவர் உருவாயினர். இன்று அங்குள்ள நீச்சற் தடாகத்தையும் ஆய்வுகூடங்களையும் நவரங்கஹல மண்டபத்தையும் பார்த்து வியப்போர், அவற்றின் அடியிற் கிடக்கும் முதலீடு யாருடையதென ஒருகணம் எண்ணுதல் வேண்டும்.

அம்முதலீடு எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பியும் அதன்பின் தேயிலையுமே இத்தீவின் கருவூலத்தைத் தாங்கிய தூண்கள். 1867இல் கண்டிவரை நீண்ட புகையிரதப் பாதையும் கோப்பிக்காக இடப்பட்டதே. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து காடழித்தவரும், மார்கழிப் பனியில் பிரட்டுக்குச் சென்றவரும் ஈட்டிய செல்வத்தில் ஒரு பங்கு கொழும்பில் கல்வியாயிற்று. மலையிலே அது என்னவாயிற்று?

1905இல் வேஸ் ஆணைக்குழு ஆராய்ந்தது. 1907இல் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆறு முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமை அச்சட்டத்தால் தோட்டத்துரையின் தலையிலே சுமத்தப்பட்டது. கொழுந்து பறிக்கும் கைகள் குறையாதிருப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், அக்கைகளுக்கு எழுத்தறிவிக்குமாறு ஒப்படைத்தமை எத்தகைய நகைப்புக்குரிய ஏற்பாடு! பத்து வயதில் கல்வி முடியும். அப்பாற் கூடையும் மலையும். நாட்டமின்மை என்பார் இவ்வயதெல்லையை வரைந்தவர் யாரெனக் கேட்பதில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயர் நன்றியுடன் நினைக்கத்தக்கதே. எனினும் அவ்விலவசக் கல்வியின் வாயிற்படிக்கு வெளியே தோட்டப் பிள்ளை நிறுத்தப்பட்டான். 1948இல் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. வாக்கற்றவர் பிள்ளைக்கு வகுப்பறை கேட்க ஆளில்லாது போயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விலக்கப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களே அரசுடைமையான பிறகுதான், 1977 முதல் படிப்படியாக, அவை ஏற்கப்பட்டன. கொழும்பு அக்கடமிக்கும் இதற்கும் இடையே 141 ஆண்டுகள்.

றோயல் கல்லூரியைப் பழிப்பது எம் நோக்கமன்று. கொழும்பு அக்கடமியிற் பயின்ற சேர் பொன்னம்பலம் அருணாசலமே 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டத் தொழிலாளரைப் பிணித்த தண்டனைச் சட்டங்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அக்கல்லூரியின் கொடைகளுள் இதையும் எண்ணுவோர் குறைவு.

1977க்குப் பின் எதுவுமே நிகழவில்லை எனின் அது பொய். புதிய கட்டடங்கள் எழுந்தன. சாதாரண தரமும் சில இடங்களில் உயர்தரமும் வந்தன. லயத்துக் காம்பராவிற் பிறந்தவர் இப்பல்கலைக்கழக மண்டபங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். ஆனால் அக்கட்டடங்கள் பலவற்றிற்குப் பணம் தந்தது சுவீடன். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குத் துணை நின்றது ஜேர்மனி. தலைநகரப் பாடசாலைக்குத் திறைசேரி, மலைநாட்டுப் பாடசாலைக்கு அயல்நாட்டார் அறம் என்பது எந்தப் பொருளியலில் எழுதப்பட்ட விதி? 2015ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டோருக்கு ஆசிரியர் என்னும் பெயர்கூட முழுமையாகக் கிடைக்கவில்லை. "ஆசிரியர் உதவியாளர்" என்றனர். மாதம் 6,000 ரூபாய் தந்தனர். குரல் எழுந்த பின்னர் 10,000 ரூபாய் ஆக்கினர். அத்தொகையில் ஹற்றனில் அறை எடுத்துத் தங்கி, பஸ் ஏறி, மலை ஏறி, கணிதம் கற்பிக்க வேண்டுமாம்.

இனி, மாவட்டக் கோட்டா. நுவரெலியா பின்தங்கிய மாவட்டமென ஏற்கப்பட்டதனாற் சலுகை பெறுகின்றது என்பர். பெறுவோர் யார்? சலுகையை நாடி வெளி மாவட்டத்தார் வந்து பதிந்து பரீட்சை எழுதுவது மலைநாட்டில் எவரும் அறிந்த செய்தி. அதனினும் அடிப்படையான குறை வேறு. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் தமிழ்மொழி ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இயங்காது. இயங்காத பிரிவிலிருந்து எவரும் பரீட்சைக்கு வருவதில்லை. வராதவருக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு தாழ்ந்தால் என்ன? மருத்துவ பீடத்திலும் பொறியியற் பீடத்திலும் தோட்டத்து மாணவரைத் தேடிக் காணாதோர், அவர்தம் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு உண்டா என்பதை முதலில் விசாரிக்கட்டும். கோட்டாவைப் பற்றிய வாதத்தை அதன்பின் எம்மோடு தொடரலாம்.