ரிம் வாங்கும் முன் ஒரு கணக்கு

பூச்சோங்கில் ஞாயிறு காலை ஒரு பழைய டட்சன் 120ஒய் உணவுக்கடை வாசலில் வந்து நின்றால் போதும், சுற்றி நாலு பையன்கள் கூடிவிடுவார்கள். டான் சோங் நிறுவனம் 1957 முதல் டட்சன் கார்களை இந்நாட்டில் விற்று வந்தது. 70களில் தோட்டத்துக் கிராணி வீட்டில்கூட ஒரு 120ஒய் இருந்தது. தாத்தா ஓட்டிய அந்தக் காரைப் பேரன் இன்று தட்டிக்கொட்டிச் சாயம் பூசி மீட்டெடுப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். "படிக்கிற பையனுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கும் பெற்றோர் கட்சியில் நான் இல்லை.

என் குறை ரிம் வாங்கும் விதத்தில்தான். கைப்பேசியில் ஒரு படம் பார்த்து, அதே போன்ற ரிம்மைத் தேடிப் போகிறார்கள். கடைக்காரரிடம் விலையைக் கேட்கிறார்கள், ஆஃப்செட்டைக் கேட்பதில்லை.

ஆஃப்செட் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ரிம் காரின் ஹப்பில் வந்து ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் கூட்டல் குறி, உள்பக்கம் இருந்தால் கழித்தல் குறி. ரிம்மில் 'இடி' என்ற இரு ஆங்கில எழுத்துகளுடன் பொறித்திருப்பது இந்த எண்தான்.

இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களுக்குப் பொதுவாக +35 முதல் +50 வரை வரும். 120ஒய் போன்ற பழைய பின்சக்கர இழுவைக் கார்களுக்கு அதைவிட மிகக் குறைவு. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

கணக்குக்காக, பழைய ரிம் 5 அங்குல அகலம், +10 என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 63.5 மில்லி. ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 73.5, வெளிப்பக்கம் 53.5. இப்போது 6 அங்குலம், +38 ரிம்மை மாட்டுங்கள். பாதி 76.2. உள்பக்கம் 114.2 ஆகிறது. அதாவது ரிம் 40 மில்லிக்கு மேல் உள்ளே போய்ச் சுருள்வில்லோடு மல்லுக்கட்டும். வெளியிலோ 15 மில்லி குழிந்து, அழகும் போய்விடும். அதே 6 அங்குலத்தில் +10 எடுத்தால் இரு பக்கமும் 12.7 மில்லிதான் கூடும். படிவம் ஒன்று மாணவனுக்கே தெரிந்த கூட்டல் கழித்தல் இது.

என் அண்ணன் மகன் இந்தக் கணக்கைப் போடவில்லை. நாலு துளை, 114.3 மில்லி வட்டம், எல்லாம் பொருந்துகிறது என்று +38 ரிம்மை வாங்கி வந்தான். உள்ளே இடித்தது. ஒரு பட்டறையில் 20 மில்லி ஸ்பேசர் வைத்து, பழைய போல்ட்டிலேயே நட்டை முடுக்கிக் கொடுத்தார்கள். 12 மில்லி போல்ட் என்றால் நட் குறைந்தது 12 மில்லி ஆழமாவது மரையில் கடிக்க வேண்டும். அங்கே இரண்டு மூன்று சுற்றுதான் கடித்திருந்தது. எல்டிபி நெடுஞ்சாலையில் கார் ஆடத் தொடங்கியதும் ஓரங்கட்டிப் பார்த்தான். ஒரு சக்கரத்தில் இரண்டு நட்டுகள் இல்லை. பின்னால் வந்த லாரியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

எதிர்த்திசையில் போவோரும் உண்டு. கழித்தல் ஆஃப்செட் வாங்கி, டயரை வெளியே தள்ளி நிறுத்துவார்கள். படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் வெளியே போகப் போக பேரிங் மீது நெம்புகோல் சுமை ஏறும். ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் கையை உதறும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே சும்மா விடாது. பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போகும்போதும் தொல்லை. மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகுதான் அதன் விலை தெரியும்.

அளப்பது சுலபம். ரிம்மைக் குப்புறப் போட்டு, பின் விளிம்பின் மேல் நேரான பலகை ஒன்றை வையுங்கள். பலகையின் அடியிலிருந்து ஹப் முகம் வரை எத்தனை மில்லி என்று பாருங்கள். அதிலிருந்து ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். மொத்த அகலம் என்றால் இரு விளிம்புகளையும் சேர்த்து. '6 அங்குல' ரிம் உண்மையில் ஏறக்குறைய 7 அங்குலம் இருக்கும், பலர் சறுக்குவது இங்கேதான். பிறகு காரின் சக்கரத்தைக் கழற்றி, ஹப் முகத்திலிருந்து சுருள்வில் வரைக்கும், மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள்.

அண்ணன் மகன் இப்போது 6 அங்குலம், +10 போட்டு ஓட்டுகிறான். அந்தப் பழைய நாலு ரிம்மும் வீட்டுப் பின்கட்டில் கிடக்கின்றன. வாங்க வருபவர்களிடம் அவன் முதலில் கேட்பது, "உங்க கார் அளவைக் கொண்டுவந்தீங்களா அண்ணே?" இதுவரை ஒருவரும் கொண்டுவரவில்லை.